லாரிக்கு ராசி பார்த்த சுவாமிகள்

மனிதனுக்குச் சாதகம் பார்ப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. லாரிக்குச் சாதகம் பார்த்தவர், எனக்குத் தெரிந்து, ஹரிதாஸ் சுவாமிகள் ஒருவர்தான். அந்த வருட ஆயுத பூசையன்று புலாவ் செபாங் கோயில் திடலில் அவர் வந்து இறங்குவதற்குள், செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் இருபதுக்குமேல் வரிசை கட்டிவிட்டன. பெண்டாட்டி பிரசவத்துக்கு விடுப்பு எடுக்காத ஆட்களெல்லாம் அன்று விடுப்பு எடுத்திருந்தார்கள்.

லாரியின் பதிவுப் பத்திரமான கிரானை நீட்டினால், தேதியைப் பார்த்து ராசி சொல்வார். என் லாரி விருச்சிகம். ஏழரைச் சனியாம். பன்னிரண்டு வருடம் அதை ஓட்டியவன் நான். பக்கத்து இருக்கையில் சனி உட்கார்ந்திருந்ததைக் கவனிக்கவேயில்லை.

"எஞ்சினுக்குள்ள இரும்பும் இரும்பும் உரசுதே, அந்த உரசல்தான்பா சனி," என்றார். அதை விரட்ட, மந்திரம் ஓதிய தைலம். ஒரு போத்தலின் விலை இருநூற்றைம்பது வெள்ளி. எஞ்சின் எண்ணெயில் கலந்துவிட்டால் ஒரு வருடத்துக்கு எண்ணெய் மாற்றவே வேண்டாமாம்.

வெறும் வாய்ப்பேச்சு இல்லை. மேசைமேல் ஒரு பொறி வைத்திருந்தார். மோட்டார் சுற்றும் இரும்பு வளையம், எண்ணெய்க் கிண்ணத்தில் பாதி முங்கியிருக்கும். அதன்மேல் ஓர் இரும்புத் துண்டை நெம்புகோல் அழுத்தும். நெம்புகோலின் நுனியில் எடைக்கற்களைத் தொங்கவிடுவார். வெறும் எஞ்சின் எண்ணெயில், இரண்டாவது கல்லுக்கே வளையம் கிறீச்சிட்டு நின்றது. பிறகு தைலம் ஒரு கரண்டி ஊற்றி, கண்ணை மூடி முணுமுணுத்தார். ஏழு கல் தொங்கியும் வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. திடல் முழுக்க அரோகரா. நண்பன் பிச்சைமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். நானும் போட்டுக்கொண்டேன், இரண்டு கன்னத்திலும். கையோடு ஒரு போத்தலையும் எடுத்துவிட்டேன்.

எங்களுக்கு இருந்தது அந்த ஒரு லாரிதான். எண்ணெய் மாற்றும் கெடு தாண்டி மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. சுவாமிகள் வருகிறார் என்று மாற்றாமலே விட்டிருந்தேன். மறுநாள் காலை ஆலைக்குப் பத்து டன் குலை ஏற்ற வேண்டும். எஞ்சின் இறுகினால் எங்கள் அடுப்பும் அணையும்.

"என்னங்க, போத்தலைத் திறக்காதீங்க," என்றாள் என் மனைவி தேவமலர். பத்து பெரண்டாம் தொழிற்சாலையில், பொருளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தவள். அவள் கண்மூடி மூன்று வருடமாகிறது. இதை அவள் சொல்லியிருந்தால் நீங்கள் இன்னும் நன்றாகச் சிரித்திருப்பீர்கள்.

எதிர்க் கடைக்குப் போய், மூடிய பிளாஸ்டிக் குவளையில் எதையோ கொண்டுவந்தாள். வளையத்தைத் துடைத்து, புது இரும்புத் துண்டு மாட்டி, தைலம் கலக்காத எஞ்சின் எண்ணெய் ஊற்றச் சொன்னாள். தான் கொண்டுவந்ததில் ஒரு கரண்டி கலக்கலாமா என்று கேட்டாள்.

சுவாமிகள் சிரித்தார். "மந்திரம் ஓதாதது எதுவும் எடுபடாதும்மா."

"அப்படின்னா உங்களுக்குத்தானே நல்லது சாமி. ஊத்திப் பாத்துருவோம்லா."

அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? ஊற்றினாள். ஒரு கல். மூன்று. ஏழு. வளையம் சுற்றியது. எட்டாவதைத் தொங்கவிட சுவாமிகளுக்குக் கை வரவில்லை. தேவமலரே எடுத்து மாட்டினாள். அப்போதும் சுற்றியது.

"என்னக்கா அது?" என்றான் பிச்சைமுத்து.

"ஷாம்பு. தலைக்குப் போடறது. கடைக்காரரு மந்திரமெல்லாம் ஓதித் தரல."

சிரிப்பு அடங்கப் பத்து நிமிடமானது. அடங்கியதும் பிச்சைமுத்து, அப்படியானால் லாரிக்கு ஷாம்பு ஊற்றலாமா என்று கேட்டான். இவனைப் போன்றவர்களை நம்பித்தான் சுவாமிகள் ஊர் ஊராக வருகிறார்.

தேவமலர் பொறுமையாகச் சொன்னாள். இந்தப் பொறி எஞ்சின் இல்லை. இங்கே இரும்பை இரும்போடு வேண்டுமென்றே நசுக்குகிறார்கள். அந்த நசுக்கலில் வழுக்கிக் காட்ட எத்தனையோ சரக்குகளால் முடியும். எஞ்சினில் பம்பு எண்ணெயைத் தள்ளி, இரும்புகளுக்கு நடுவே ஒரு படலமாக நிறுத்துகிறது. படலம் மெலியும் இடத்துக்கு வேண்டிய மருந்தை எண்ணெய் தயாரிப்பவர்களே அளவாகக் கலந்திருக்கிறார்கள். மேலே கண்டதைக் கொட்டினால் அந்த அளவு கெடும். சில சரக்கு பேரிங்கையே அரிக்கும். டீசல் எரிந்த கரியோ எண்ணெயில் சேர்ந்துகொண்டே இருக்கும். அது வெளியே போக எண்ணெயை மாற்றத்தான் வேண்டும்.

தெய்வத்தைச் சோதிக்கும் இடத்தில் தங்கமாட்டேன் என்று சுவாமிகள் பொறியைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தார். தேவமலர் அவருக்கு முன்னால் போய், வேனின் முன்கண்ணாடியில் பட்டறைக்காரன் ஒட்டிய சிறு தாளைக் குனிந்து படித்தாள்.

"சாமி, வேனு டீசல்தானே? போன செவ்வாக்கெழம எண்ணெ மாத்திருக்கீங்க. உங்க தைலத்த உங்க வண்டிக்கே ஊத்தலியா?"

சுவாமிகள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சாவியின் முதல் திருப்பிலேயே வேன் கிளம்பியது. நன்றாகப் பராமரித்த எஞ்சின்.

அன்று மதியமே என் லாரியின் எண்ணெயை இறக்கினேன். தார் போல வந்தது. புது எண்ணெயோடு மறுநாள் பத்து டன்னும் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. லாரி இன்னும் ஓடுகிறது. சுவாமிகளும் எங்காவது ஓடிக்கொண்டிருப்பார். உங்கள் ஊருக்கு வந்தால் தாராளமாகக் கும்பிடுங்கள். அதற்கு முன்னால் அவர் வண்டிக் கண்ணாடியை ஒருதரம் படித்துவிடுங்கள். பள்ளிக்கூடம் போனது கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கற்க அல்லவே.