அது படகு அல்ல, சம்பந்தி அவர்களே

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் எங்கள் வீட்டுக்கு வரப்போகும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை. அதற்குக் காரணமே தாங்கள்தான் என்பதால், தங்கள் சுகத்தை இதற்கு மேல் விசாரிக்க மனம் வரவில்லை.

தாங்கள் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரி கிடைத்தது. அட்டை நன்றாக இருக்கிறது, எழுத்தும் எடுப்பாக இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளையின் தகப்பனார் என்று என் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே 'படகோட்டி' என்று அச்சடிக்கச் சொல்லியிருக்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்? முப்பத்தொரு வருடமாக ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நாற்பது டன் இரும்புக் கப்பலைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவன் நான். அதில் லாரி ஏறுகிறது, பஸ் ஏறுகிறது, போன மாதம் ஒரு ரோடு ரோலரே ஏறியது. படகில் ரோடு ரோலர் ஏறுமா? தாங்கள் விற்பது மூக்குக்கண்ணாடி, தங்கள் மூக்கிலேயே ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அப்படியும் மாடி வீடு உயரத்துக்கு நிற்கிற கப்பல் தங்கள் கண்ணுக்குப் படகாகத் தெரிகிறது என்றால், தங்கள் கடைக்கு ஜனங்கள் எந்த தைரியத்தில் வருகிறார்களோ தெரியவில்லை.

பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் போன ஞாயிற்றுக்கிழமை தங்களைக் கப்பலுக்கு அழைத்தேன். வந்தீர்கள். மேலே ஏறி என் அறையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன சம்பந்தி, ஸ்டியரிங்கையே காணோம்?" என்று கேட்டீர்கள். டிக்கெட் கிழிக்கிற அம்மாவின் காதில் விழும்படி கேட்டீர்கள். கரைக்குக் கரை தடித்த இரும்புக் கம்பி கட்டியிருக்கிறது, கப்பல் அதைப் பிடித்துக்கொண்டு போகிறது, நான் விசையைத் தள்ளினால் போகும், இழுத்தால் நிற்கும். வழி தெரியாதவனுக்குத்தானே ஸ்டியரிங்? இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது நான் வேறு கரைக்குப் போயிருக்கிறேனா? இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால், "எங்க தெருவுக்கு வர்ற தண்ணி வண்டிக்குக்கூட ஸ்டியரிங் இருக்கு"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சீங்க. கூடவே அந்த டிக்கெட் அம்மாவும் சிரிச்சாங்க. எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அப்போதுதான் நான் ஒரு நியாயத்தைச் சொன்னேன். கப்பலில் படகை ஏற்றலாம், படகில் கப்பலை ஏற்ற முடியாது. என் கப்பலின் பக்கவாட்டில் ஆபத்துக்கென்று ஒரு படகு தொங்குகிறது. அப்படியானால் அதைத் தூக்கிக்கொண்டு நிற்பது என்ன, கட்டிலா? நீங்க சும்மா இருந்தீங்களா? "அது நிஜப் படகா, இல்ல அழகுக்கு மாட்டி வச்சதா? இறக்கிக் காட்டுங்க பார்ப்போம்"ன்னீங்க. ரோஷம் யாரை விட்டது? நடு ஆத்துல விசையை அப்படியே விட்டுட்டு வந்து உங்களையும் ஏத்திக்கிட்டு நானும் ஏறினேன். வருஷா வருஷம் அதிகாரி சோதனைக்கு வர்றதுக்கு முந்தின நாள் கப்பல் முழுக்க வெள்ளை பெயின்ட் அடிக்கிறது எங்க வழக்கம், எது அசையணும் எது அசையக்கூடாதுன்னெல்லாம் பார்த்து அடிக்க எங்களுக்கு நேரம் கிடையாது. முப்பத்தொரு பூச்சுல பின்பக்கத்துக் கப்பி கல்லா இறுகிப்போச்சு. முன்பக்கக் கயிறு மட்டும் சரசரன்னு இறங்கிடுச்சு. படகு செங்குத்தா நின்னுடுச்சு. நீங்க என் தலை மேல வந்து உட்கார்ந்தீங்க, நான் ஒரு வார்த்தை சொன்னேனா? கப்பலை நிறுத்தணும்னா நான்தான் நிறுத்தணும், நானோ வெளியே தொங்கிக்கிட்டிருக்கேன், பாசஞ்சரெல்லாம் வரிசையா நின்னு போட்டோ எடுக்கறாங்க. கடைசியில கப்பல் தானாப் போய்க் கரையில முட்டி நின்னுச்சு, முட்டின வேகத்துல கோழி லாரியில ஒரு கூண்டு திறந்துக்கிச்சு. டிக்கெட் அம்மா கொக்கிக் கழியால நம்ம ரெண்டு பேர் சட்டைக் காலரையும் மாட்டி இழுத்துப் போட்டாங்க. உங்க கண்ணாடி ஆத்தோட போச்சு, சட்டையெல்லாம் கோழி இறகு, அப்பவும் நீங்க எழுந்து நின்னு சொன்ன முதல் வார்த்தை, "இப்பவும் சொல்றேன், படகுதான்!"

பாசஞ்சர் அத்தனை பேர் முன்னாலயும் நான் சொன்ன பதிலில் இப்போதும் உறுதியாக இருக்கிறேன். பத்திரிகையில் 'படகோட்டி' என்ற அந்த வார்த்தையை மாற்றாவிட்டால் கல்யாணத்துக்கு வரமாட்டேன். என் மனைவி மூன்று நாளாக என்னிடம் பேசுவதில்லை. பேசியதும் ஒரே ஒரு கேள்விதான்: "கல்யாணம் உங்க பையனுக்கா, கப்பலுக்கா?" பையன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "நீங்க மேடையில இல்லாம நான் எப்படிப்பா நிப்பேன்?" என்றான். எனக்கு ஒரே பிள்ளை, சம்பந்தி. அவனுக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். வியாழக்கிழமைக்குள் 'கப்பல் கேப்டன்' என்று திருத்திய மாதிரி என் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் மாப்பிள்ளைக்கு வேறு தகப்பனாரைத் தேடிக்கொள்ளுங்கள்.

மருமகளுக்கு என் மனமார்ந்த ஆசீர்வாதம். தங்கள் துணைவியாருக்கு வணக்கம். தங்களுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கப்பல் கேப்டன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் துறைமுக அலுவலகத்து ஆள் வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். நாம் தொங்கிய போட்டோவை யாரோ அங்கே அனுப்பிவிட்டார்கள். விசாரணை வைப்பதற்காக என் கப்பலின் ஃபைலைத் தேடியிருக்கிறார்கள். கப்பல் பட்டியலில் இல்லையாம். படகுப் பட்டியலிலும் இல்லையாம். இரண்டு நாள் தேடி, கடைசியில் சாலைத் துறையில் கிடைத்திருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கரைக்குக் கரை போவதால் சட்டப்படி அது பாலமாம். சோதனைக்கு வந்தவர் வருடா வருடம் கைப்பிடிக் கம்பியை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு ஏன் போனார் என்பது இப்போதுதான் விளங்குகிறது. என் உத்தியோகம் 'பாலக் காவலாளி' என்று எழுதியிருக்கிறது. என் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. சம்பந்தி, பத்திரிகையில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பேன். யாராவது கேட்டால் மட்டும், அன்றைக்குச் சொன்னீர்களே, அதே மாதிரி எழுந்து நின்று, படகுதான் என்று அடித்துச் சொல்லுங்கள்.