பேசவும்

பாளையங்கோட்டையில் ஓடைக்கரை நில அளவைச் சரிபார்ப்பு உதவி அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. ஓடை போன இடம் தெரியவில்லை. கரை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. அலுவலகம் மட்டும் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. அதன் கண்காணிப்பாளர் திரு. சத்தியநேசன் அவர்கள் இருபத்தெட்டு வருஷ சர்வீசில் ஒரு முடிவும் எடுக்காதவர். தப்பான முடிவு எதுவும் எடுக்காதவர் என்று மேலதிகாரிகள் அவரைப் புகழ்வார்கள். கணக்குப் பார்த்தால் ரெண்டும் ஒன்றுதான்.

அப்பேர்ப்பட்ட மனுஷனின் ஒரே மகள் ரீபாவுக்கு, கர்த்தருடைய கிருபையாலும் அவள் ரெண்டு வருஷம் தூக்கம் கெட்டுப் படித்ததாலும், ஒரே வாரத்தில் நாலு இடத்தில் மருத்துவப் படிப்புக்கு சீட்டு கிடைத்தது. ஒன்று கிடைத்திருந்தால் பாயசம் வைத்துக் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருப்பாள். நாலு கிடைத்ததுதான் வினை. தாமிரபரணியில் கரை புரண்டு தண்ணி போனாலும் நாய் நக்கித்தானே குடிக்கணும்?

பன்னிரண்டு மணி நேர பஸ் தூரத்தில், வட மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்று. இந்தி பேசும் ஊரில் இன்னொன்று. பக்கத்து மாவட்டத்தில், சுவரெல்லாம் கண்ணாடியாகக் கட்டிய தனியார் கல்லூரி. நாலாவது வெளிநாடு, ஊர்ப் பெயர் வாயில் நுழைய ஒரு வாரம் பழக வேண்டும். இதில் வட மாவட்டத்துக்காரர்கள், வருகிற வியாழன் மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து சேராவிட்டால் இடம் ரத்து என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரீபா அப்பாவிடம் வந்தாள்.

"யப்பா, எனக்கு அந்த வட மாவட்டத்து காலேஜ்தான் வேணும். அங்கன பெரிய ஆஸ்பத்திரி. தெனமும் ரெண்டாயிரம் பேரு வாராங்களாம். நோயாளியைப் பாத்துப் பாத்துப் படிக்கலாம்."

"எழுதிக் கொடு" என்றார் சத்தியநேசன்.

அவள் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். அவர் ஒரு கோப்பு உறை எடுத்து, நாடா கட்டி, முதல் பக்கத்தில் அழகாக எழுதினார்:

பொருள்: கல்வி – மருத்துவம் – செல்வி ரீபா – நான்கு இடங்கள் – ஒன்றைத் தெரிவு செய்தல் – தொடர்பாக.

பார்வை: செல்வி ரீபாவின் மனு, நாள்: வெள்ளிக்கிழமை, காப்பிக்குப் பின்.

பிறகு பச்சை மைப் பேனாவைத் திறந்தார். ஆபீஸில் பச்சை மை தொட அவருக்கு இன்னும் ஒரு படி ஏற வேண்டும். வீட்டில் யார் கேட்பது? மனுவின் ஓரத்தில் "பேசவும்" என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார்.

ஆபீஸ் வாசல் மிதிக்காத பாக்கியவான்களுக்கு ஒரு விளக்கம். கோப்பில் "பேசவும்" என்று எழுதினால், நேரில் வந்து பேசு என்று அர்த்தம். இது அகராதிப் பொருள். இந்தப் பேச்சை இனி எடுக்காதே என்பது நடைமுறைப் பொருள். ரீபா சின்னப் பெண், அகராதியை நம்பி வந்தாள்.

"யப்பா, பேசவும்னு போட்டிருக்கீங்க. பேசலாமா?"

"பேசலாம். ஆனா வாயால பேசுனா பதிவு இருக்காதே. எழுதிக் கொண்டா."

"எழுதுனதுக்குத்தானே பேசவும்னு போட்டீங்க?"

"ஆமா. அதான் நடைமுறை."

அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்த அவர் மனைவி சாலோமி தலையை நீட்டினாள். "படிக்கப் போறவ அவ. அவ ஒரு எடத்தைச் சொல்லுதா. இதுல என்ன நடைமுறை?"

"நீ சும்மா இரு, சாலோமி. அவ சம்பந்தப்பட்ட தரப்பு. சம்பந்தப்பட்டவங்களே முடிவெடுத்தா நாளைக்குத் தணிக்கையில கேள்வி வரும்."

"யாரு தணிக்கை பண்ணுவா?"

"அண்ணன்."

சாலோமி மீனுக்குத் திரும்பிவிட்டாள். மீனாவது சொன்னால் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சத்தியநேசனின் தங்கை கரோலின் வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். கோப்பை மடியில் வைத்துப் புரட்டினாள்.

"நான் அந்தத் தனியார் காலேஜை நேர்ல போய்ப் பாத்தேன், சின்னண்ணே. என்ன சுத்தம்ங்கிய! தரையில முகம் பாக்கலாம். ஆஸ்பத்திரியில ஒரு நோயாளி கெடையாது. ஒரு இருமல் சத்தம் கேக்கணுமே."

"நோயாளி இல்லாம எதைப் பாத்து அத்தே படிக்கது?" என்றாள் ரீபா.

"புஸ்தகத்தைப் பாத்துப் படி. சிங்கத்தைப் பாத்துட்டா நான் 'சி' சொல்லிக் குடுக்குதேன்?"

கரோலின் கோப்பில் எழுதினாள்: "தனியார் நலம். இருப்பினும், பேசவும்."

திங்கட்கிழமை கோப்பு பஸ் ஏறியது. கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டால் திசையன்விளை பஸ் ஸ்டாண்டில் பெரியண்ணன் ஜேசுதாசனின் கடைப் பையன் வாங்கிக்கொள்வான். அண்ணாச்சிக்கு அங்கே பெயிண்ட் கடை. மத்தியானம் அவர் போன் வந்தது.

"ஏலே நேசா, உள்ளூர்ல படிச்சா நம்ம புள்ள டாக்டரு. வெளிநாட்டுல படிச்சா வெளிநாட்டு டாக்டரு. பிளக்ஸ்ல போடதுக்கு எது எடுப்பா இருக்கும், நீயே சொல்லு."

"பிளக்ஸா அண்ணே?"

"ரெண்டு அடிச்சாச்சுலே. ரீபா தலைக்குப் பின்னால ஏரோப்பிளேன் போகுது. கீழ நம்ம ஆளுக பதினோரு பேரு போட்டோ. இப்ப வந்து பஸ்ல போற ஊருன்னா, அந்த ஏரோப்பிளேனை நான் எங்க கொண்டு ஒளிக்க? அதுவும் போக, அந்த காலேஜ்ல ஒரே சீக்காளிக கூட்டமாம். வயசுப் புள்ளையை அங்கன விடலாமாலே?"

சத்தியநேசன் இதையும் குறித்துக்கொண்டார். மறுநாள் கோப்பு திரும்பி வந்தது. "வெளிநாடு பரிந்துரைக்கப்படுகிறது. பேசவும்" என்று அண்ணாச்சி எழுதியிருந்தார். பெயிண்ட் வியாபாரிக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தங்கை எழுதியிருந்ததைப் பார்த்தார், பிடித்துப்போய்விட்டது. நல்ல வியாதி எல்லாம் அப்படித்தான் பரவும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோப்பில் பதினேழு பக்கம் சேர்ந்திருந்தது. ஏழு இடத்தில் "பேசவும்" இருந்தது. பேசியவர் ஒருவரும் இல்லை. ரீபாவுக்கு அழுகை வந்தது. ரெண்டு வருஷம் படித்த படிப்பு ஒரு நாடாவில் தொங்குகிறதே என்று ஆத்திரமும் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, கோப்பை முதலிலிருந்து கடைசிவரை உயிரியல் பாடம் படிப்பது மாதிரி படித்தாள். அப்புறம் பதினெட்டாம் பக்கத்தில் தானே ஒரு சுற்றறிக்கை எழுதி, அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் போனில் அனுப்பிவைத்தாள்.

"பார்வையில் கண்ட வட மாவட்ட அரசுக் கல்லூரியில் மனுதாரர் சேர உத்தேசிக்கப்பட்டுள்ளது. இது குறித்து மறுப்பு ஏதுமிருப்பின் புதன் மாலை ஐந்து மணிக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். அவ்வாறு மறுப்பு வரப்பெறாத நிலையில், அனைவரும் ஒப்புதல் அளித்ததாகக் கருதப்படும் என்று இதன்மூலம் தெரிவிக்கலாகிறது. நகல்: இருப்புக் கோப்பிற்கு."

நகல் இருப்புக் கோப்பிற்கு! சத்தியநேசனுக்கு உடம்பு புல்லரித்தது.

புதன்கிழமை காலையில் அண்ணாச்சி போனில் கொதித்தார். "எனக்கு மறுப்பு உண்டுலே. ஆனா கரோலின் வீட்டுக்குப் பொறந்த பொம்பளப்புள்ள. அவ மொதல்ல எழுதட்டும். அவளை முந்திக்கிட்டு நான் எழுதுனா, நாளைக்கு ஒரு நல்லது பொல்லாததுல அவ மூஞ்சில முழிக்க முடியுமா?"

கரோலின் சொன்னாள்: "பெரியண்ணன் இருக்கையில நான் மொதல்ல எழுதுனா வாயாடின்னு பேரு வரும். அவங்க எழுதட்டும். நான் கீழ கையெழுத்து மட்டும் போடுதேன்."

சத்தியநேசனுக்கும் மனதுக்குள் ஒரு மறுப்பு இருந்தது. அவ்வளவு தூரத்தில் பிள்ளையை விட அவருக்கு மனசில்லை. ஆனால் மறுப்புகளைப் பெறும் அலுவலர் அவர். தனக்குத் தானே மறுப்பு எழுதித் தானே பெற்றுக்கொள்ள விதியில் இடமில்லை. வந்தால் தொகுத்து வைக்கலாம் என்று வெற்றுத்தாளோடு காத்திருந்தார்.

மணி ஐந்து அடித்தது. சாலோமி சேலை மாற்றிக்கொண்டு பையோடு வந்து நின்றாள். அந்தப் பையை அவள் சனிக்கிழமையே கட்டிவிட்டாள். எந்தக் கோப்பிலும் எழுதிவைக்கவில்லை.

"ஏங்க, மறுப்பு வந்துச்சா?"

"எழுத்துமூலமா ஒண்ணும் வரல்ல."

"அப்ப நாங்க பொறப்படுதோம். சோறு பானையில இருக்கு."

இருபத்தெட்டு வருஷம் கும்பிட்ட விதியை அவரால் மீற முடியவில்லை. "ஒப்புதல் எனக் கருதப்பட்டது" என்று பச்சை மையில் எழுதிச் சுருக்கொப்பமிட்டார். தாயும் மகளும் புது பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினார்கள். வியாழன் காலை பதினோரு மணிக்கு ரீபா கல்லூரியில் சேர்ந்தாள். சாலோமி மறு பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த வாரம் சத்தியநேசன் அந்தச் சுற்றறிக்கையை ஆபீஸுக்கு எடுத்துப்போய் மேலதிகாரியிடம் காட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரெண்டு தரம் படித்தார். "யாருய்யா எழுதினது? நம்ம ஆபீஸ்ல ஒருத்தனுக்கு இப்படி ஒரு வரி வருமா?" என்றார். சத்தியநேசன் பூரித்துப்போனார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் விஷயம் உறைத்தது.

"இந்தக் கையைப் போய் ஊசி போட அனுப்பிட்டோமே, சாலோமி."

அண்ணனுக்கும் தங்கைக்கும் போன் போட்டார். அடேயப்பா, ஐந்தே நிமிஷம். மூன்று பேரும் ஒரே குரலில், ரீபாவை மருத்துவத்துக்கு அனுப்பியது குடும்பத்துக்கு நேர்ந்த பிழை, அரசுப் பணித் தேர்வு எழுத வைத்திருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஒருவரும் பேசவும் என்று சொல்லவில்லை.

சாலோமிக்கு வந்த கோபத்தில் பாத்திரம் உருண்டது. அப்போது ரீபாவிடமிருந்து போன்.

"எப்படிட்டி இருக்கே? நோயாளியெல்லாம் பாத்தியா?"

"இன்னும் கிளாஸுக்கே போவலம்மா." குரலில் சுரத்தே இல்லை. "வந்த அன்னைக்கு ஹாஸ்டல்ல பேன் ஓடலன்னு ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுத்தேன். அதைப் படிச்சுட்டு ஆபீஸ்ல உக்கார வச்சிட்டாங்க. அங்கன எழுத ஆளில்லையாம். ஒரு வாரமா எல்லாத்துக்கும் நான்தான் பதில் எழுதுதேன். நெசமாவே ரெண்டாயிரம் பேரு வாராங்கம்மா. ஜன்னல் வழியா போறதைப் பாக்கேன்."

சாலோமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தியநேசன் அவள் கையிலிருந்து போனை வாங்கினார். அவர் கண் நிறைந்திருந்தது.

"எந்த செக்ஷன்ம்மா?" என்று கேட்டார்.