வேளச்சேரியில் மழை

"இப்ப எங்க இருக்கீங்க குணசேகரன்?"

லேப்டாப் திரையில் சிவரஞ்சனி மேடம் கேட்டார். இன்டர்வியூ தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"சென்னைதான் மேடம். வேளச்சேரி."

இதை அவன் சொன்னது அன்னவாசல் கடைவீதிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டின் மாடியில் உட்கார்ந்துகொண்டு.

மனைவி பரிமளாவுக்கு அன்னவாசல் வேளாண்மை அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. சென்னையில் எட்டு வருடமாக சாப்ட்வேர் டெஸ்டராக இருந்த குணசேகரன், வேலையை விட்டுவிட்டுக் கூடவே கிளம்பி வந்துவிட்டான். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று கிடைக்காமலா போகும் என்று நினைத்தான். ஏழு மாதம் போய்விட்டது. நான்கு கம்பெனிகளில் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னான். ஊர் எது என்று கேட்டு, புதுக்கோட்டைப் பக்கம் என்றதும், "திரும்பக் கூப்பிடுறோம்" என்றார்கள். இன்னும் கூப்பிடுகிறார்கள்.

"உள்ளதைச் சொல்லுங்க. இதுல ஒளிக்க என்ன இருக்கு?" என்று காலையில்கூட பரிமளா சொல்லிவிட்டுத்தான் ஆபீஸ் போனாள். ஆனால் ஐந்தாவது கம்பெனியையும் இழக்க அவனுக்குத் தெம்பில்லை.

"அட, நானும் வேளச்சேரிதான் சார்!" என்றாள் திரையின் ஓரத்துக் கட்டத்தில் இருந்த எச்.ஆர். பெண் காவ்யா.

குணசேகரனுக்கு வியர்த்தது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஓர் ஆட்டோ ஒலிபெருக்கியோடு வந்து நின்றது.

"அன்னவாசல் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு! பராமரிப்புப் பணி காரணமாக இன்று காலை பதினோரு மணி முதல்..."

பாய்ந்து மைக்கை அணைத்தான்.

"என்ன சத்தம் அது?"

சத்தம் தள்ளிப் போனதும் மைக்கைத் திறந்தான். "டிவி மேடம். அணைச்சிட்டேன்."

மணி பதினொன்று. இப்போது எல்லாமே அணைந்தது. மின்விசிறி நின்றது, மோடம் செத்தது, சிவரஞ்சனி மேடம் வாயைத் திறந்தபடி உறைந்துபோனார்.

போனில் ஒரே ஒரு கோடு சிக்னல். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினான். வீட்டுக்காரர் ஜெகபர் சாதிக் தன் லோடு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருடம் வளைகுடாவில் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். யாருக்கு எந்த உதவி என்றாலும் முன்னால் நிற்பார்.

"பாய், சிக்னல் வேணும். அவசரம்!"

"ஏறுங்க தம்பி. புதுக்கோட்டை ரோட்டுல போனா நாலு கோடு நிக்கும். நான் கொண்டாந்து விடுறேன்."

வண்டி கிளம்பியது. குணசேகரன் லேப்டாப்பை மடியில் வைத்து, போனிலிருந்து இணைப்பு கொடுத்து, பின்னால் தெரிவதை மங்கலாக்கிவிட்டு மறுபடி உள்ளே நுழைந்தான்.

"வெளியில கிளம்பிட்டீங்களா?" என்றார் சிவரஞ்சனி.

"ஆமா மேடம், ஒரு அவசரம். கேப்ல போயிட்டிருக்கேன்."

"பரவாயில்ல. சிக்னல் போயிப் போயி வர்ற ஊருல ஒரு ஆப்பை எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?"

இதற்கு அவன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பாதியில் அறுந்தால் எது அழியக்கூடாது, திரும்ப வந்தால் எது இரண்டு தடவை போகக்கூடாது, கரண்ட் போனால் என்ன ஆகும் என்று ஏழு மாதத்து எரிச்சலையும் சேர்த்துக் கொட்டினான். சிவரஞ்சனி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அவனுக்கு நம்பிக்கை துளிர்த்த நேரத்தில் வண்டி குலுங்கி நின்றது. சாலை முழுக்க ஆடுகள்.

"மே..." என்றது ஒன்று, சன்னலுக்கு மிக அருகில்.

"ஏய், ஆட்ட அங்கிட்டு ஓட்டுங்கப்பா! தம்பி இன்டர்வியூல இருக்காரு!" என்று ஜெகபர் சாதிக் கத்தினார்.

"யாரு அது?"

"டிரைவர் மேடம். செம டிராஃபிக்."

"ஆமா சார், மழை வேற" என்றாள் காவ்யா. "வேளச்சேரியில கொட்டுதே. உங்க பக்கம் எப்படி?"

முகத்தில் வெயில் சுள்ளென்று அடிக்க, குணசேகரன் கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

"இங்கயும் ஊத்துது மேடம்."

ஜெகபர் சாதிக் அவனை ஒருமுறை பார்த்தார். வானத்தையும் ஒருமுறை பார்த்தார். விஷயம் புரிந்தவராகத் தலையாட்டிவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்த தண்ணீர் கேனோடு இறங்கினார்.

'வேண்டாம் பாய்' என்று அவன் கண்ணாலேயே கெஞ்சுவதற்குள், அந்தப் பக்கம் சுற்றிவந்து சன்னல் கண்ணாடி மேல் கேனைக் கவிழ்த்தார். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. முக்கால் கேன் குணசேகரன் தலையிலும், மிச்சம் கீபோர்டிலும் விழுந்தது.

பதறிப்போய்ச் சட்டையால் கீபோர்டைத் துடைத்தான். எந்தப் பொத்தானில் கை பட்டதோ, பின்னாலிருந்த மங்கல் விலகிக் காட்சி பளிச்சென்று தெளிந்தது. வெயில். ஆடுகள். 'அன்னவாசல் 3 கி.மீ.' என்ற மைல்கல். சன்னலில் கேனோடு ஒரு முகம்.

"போதுமா தம்பி, இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

திரையில் காவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட குணசேகரன் சொன்னான்: "மன்னிச்சிருங்க மேடம். நான் சென்னையில இல்ல. புதுக்கோட்டைகிட்ட அன்னவாசல். மனைவிக்கு இங்க வேலை. ஊர் பேரைச் சொன்னதுக்கே நாலு எடத்துல வேலை போச்சு. அதான் பொய் சொல்லிட்டேன். நீங்க கேட்ட கேள்விக்குச் சொன்னதெல்லாம் நிஜம்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. வேலை போனது போனதுதான்; பரிமளாவிடமாவது நிமிர்ந்து சொல்லலாம்.

சிவரஞ்சனி முன்னால் சாய்ந்தார். "அந்த ஊர்லயே இருந்துடுவீங்களா? கொஞ்ச நாள்ல சென்னைக்கே ஓடி வந்துட மாட்டீங்களே?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தான். "இல்ல மேடம். குடும்பம் இங்க. நானும் இங்கதான்."

சிவரஞ்சனி மைக்கை அணைத்துவிட்டு யாரிடமோ திரும்பிப் பேசினார். லேப்டாப்பை மூடிவிடலாம் என்று அவன் கையை வைத்தபோது, காவ்யா சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்:

"சார், ஆளே புதுக்கோட்டையில தொறக்கப் போற ஆபீசுக்குத்தான் எடுக்குறோம்; ஊர் பேரைப் போட்டா ஒருத்தரும் அப்ளை பண்றதில்லன்னு விளம்பரத்துல அதை மட்டும் மறைச்சிட்டோம்!"