என் முரசும் அண்ணையின் செத்தவீடும்

எங்கள் கொக்குவிலில் ஒரு மனிதன் சும்மா நடக்க முடியாது. சைக்கிளில் போனால் விட்டுவிடுவார்கள். காலால் நடந்தால் படலைக்குப் படலை "எங்கை போறியள்?" என்று கேட்பார்கள். காரணம் சொல்லாமல் ஒழுங்கை தாண்ட ஏலாது. என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அதைவிட வீட்டில் இருப்பதே மேல்.

நான் தையற்காரன். முன்பு மெஷினைக் காலால் மிதித்துத் தைத்தேன். மோட்டார் பூட்டிய பிறகு காலுக்கு வேலையில்லை. விடிந்தால் பொழுதுபடும் வரை ஒரே வாங்கில் இருப்பு. தேத்தண்ணீரும் இருந்த இடத்துக்கே வரும். கொஞ்சக் காலத்தில் பல் ஈறு, எங்கள் பேச்சில் முரசு, வீங்கி, துலக்கும்போதெல்லாம் இரத்தம் வந்தது. வாயும் நாறத் தொடங்கியது. (மனைவி அதை நாகரிகமாகச் சொன்னாள்: "கொஞ்சம் அங்காலை திரும்பிக் கதையுங்கோ.")

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண்பார்க்க உடுவிலிலிருந்து வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளையின் படத்தை மகள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தாள்.

"உந்த வாயோடை சம்பந்தியோடை கதைக்கப் போறியளோ?" என்று மனைவி என்னைப் பல் டொக்டரிடம் துரத்தினாள்.

டொக்டர் சின்னப் பெண். முரசைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுக் கேட்டாள்:

"ஐயா, நாள் முழுக்க இருந்த இருப்போ?"

"ஓம் டொக்டர்."

"அசையாமல் இருக்கிற ஆக்களுக்கு முரசு வருத்தம் கூட வாறது. நடவுங்கோ, முரசுக்கும் நல்லது. அதுக்காகப் பல்லுத் துலக்காமல் விட்டிடாதேங்கோ."

வாய் வருத்தத்துக்குக் காலில் மருந்து சொல்கிறாளே என்று யோசித்தபடி வந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் புறப்பட்டேன். வெள்ளை வேட்டி கட்டினேன். (ஊருக்கெல்லாம் காற்சட்டை தைக்கிறவன், எனக்கென்று ஒன்று தைத்ததில்லை.) முரசு எரிந்ததால் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணிலும் தண்ணீர்.

சந்திக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன, நீங்கள் நடந்து போறியள்! ஆருக்கு என்ன?"

முரசுக்காக நடக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? 'சும்மா அங்காலே' என்பதுபோலக் கையைத் தூரமாக வீசினேன்.

"ஐயோ, கனடா அண்ணையோ?"

நான் வெட்கத்தில் இன்னும் வேகமாக நடந்தேன். அதோடு, கனடாவில் இருக்கும் என் அண்ணையின் கதை ஊர் வாயில் முடிந்தது.

திரும்பி வரும்போது முற்றத்தில் அயல்வீட்டார் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

"அண்ணை போனதை எனக்குச் சொல்லாமல் ஊருக்கெல்லோ சொல்லித் திரியிறியள்!"

நான் வாயைத் திறக்க முன் என் போன் அடித்தது. கனடாவிலிருந்து அண்ணை.

"டேய், நான் செத்திட்டனாம். எத்தினை மணிக்கு எடுக்கிறியள்?"

அயலார் சிரித்துக்கொண்டே கதிரைகளைத் தூக்கிப் போனார்கள். (ஒருவருக்கு ஏமாற்றம் என்று முகத்தில் தெரிந்தது.) ஆனால் செய்தி உடுவிலுக்குப் போய்விட்டிருந்தது. "செத்த துடக்கு வீட்டிலை நல்ல காரியம் கதைக்கக் கூடாது. பிறகு பாப்பம்" என்று மாப்பிள்ளையின் தகப்பன் போனில் சொல்லி வைத்துவிட்டார். பிறகு எடுத்தால் பதில் இல்லை. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மனைவி படலையைக் காட்டினாள். "நடந்து கெடுத்தனியள். நடந்தே போய்ச் சொல்லுங்கோ."

உடுவில் வரை நடந்தேன். சம்பந்தியாக வேண்டியவர் சாய்மனைக் கதிரையில் படுத்தபடி ரிவி பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சத்தில் அரைகுறையாகச் சொன்னேன்.

"அண்ணை சாகேல்லை... முரசு."

அவர் ஒன்றும் விளங்காமல் விழித்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உதட்டை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு, கிட்ட வந்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் உதட்டைத் தானே இழுத்தார்.

"இஞ்சை பாருங்கோ, எனக்கும் வீக்கம். எந்த டொக்டரிட்டைப் போனனீங்கள்?"

இருவரும் உதட்டை இழுத்தபடி நின்றபோதுதான் மாப்பிள்ளை தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தார். தட்டு ஆடியதே தவிர விழவில்லை. நல்ல பிள்ளை என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஞாயிறு வந்தார்கள். கலியாணமும் நடந்தது. அண்ணை கனடாவிலிருந்து வந்தபோது கடைக்காரர் அவரது கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கதைத்தார். இப்போது முரசில் இரத்தம் இல்லை, சம்பந்தியும் நடக்கிறார். ஆனால் பின்னேரம் நான் செருப்பை மாட்டினால் போதும், வீட்டுக்கு வந்திருக்கும் மகள் கேட்பாள்:

"அப்பா, இண்டைக்கு ஆரைச் சாக்காட்டப் போறியள்?"