காப்பர் வேலும் ஒரே ஒரு பாட்டும்

மனைவியை ஏமாற்றியே தீருவது என்று ஆம்பூரில் சபதம் எடுத்த ஒரே ஆண்பிள்ளை நான்தான். மற்றவர்கள் விவரமானவர்கள்.

வருஷம் தொண்ணூற்று நாலு. ஞாயிறு காலை சர்ச்சில் ஆர்கன், சாயங்காலம் கல்யாண ரிசப்ஷனில் கீபோர்டு. அது பிழைப்பு. உயிர் மட்டும் 'காப்பர் வேல்' என்கிற இங்கிலாந்து ராக் கோஷ்டியிடம் இருந்தது. ஷூ கம்பெனி வேலையாக ஜெர்மனி போன என் தோஸ்த் அதாவுல்லாதான் கேசட் வாங்கி வந்தான். பேரைக் கேட்டதும் என் மனைவி ஜெயபுஷ்பம், "ஆர்கன் வாசிக்கிறவர் வீட்ல வேலா? சர்ச் ஐயருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவறது?" என்றாள். முருகன் வேல் இல்லை, இங்கிலீஷ் வேல், திமிங்கிலம் என்று விளக்கினேன்.

"சத்தமும் அப்படித்தான் இருக்குது."

அவள் கணக்கு டீச்சர். திமிங்கிலம் கத்துகிற நேரத்தில் பேப்பர் திருத்தினால் பாஸாகிறவனும் ஃபெயிலாகிறானாம். ஒருநாள் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாட்டு. மீறினா கேசட்டு கெணத்துல. பதிலுக்கு டிசம்பர் லீவுல நீங்க எனக்கு ஒரே ஒரு வேலை செஞ்சு தரணும்."

சரி என்றேன். சிரிப்பை அடக்கியதில் வயிறு வலித்தது. காப்பர் வேல் பாட்டு ஆரம்பிக்கும்போது உலை வைத்தால், பாடகன் வாய் திறப்பதற்குள் சோறு வெந்து, ஆறி, பழையதாகிவிடும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அன்றே போட்டேன். டிரம்ஸ்காரன் அடித்த அடியில் எங்கள் வீட்டுப் பல்லி மூன்று தரம் கீழே விழுந்தது. அரை மணி கழித்து டொக்கென்று நின்றது. அவள் நிம்மதியாகச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். நான் கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

"ஒரு பாட்டுன்னுதானே சொன்னேன்?"

"அதே பாட்டுதாம்மா. மொத்தம் ஏழு பாகம். முடிஞ்சது ஏ சைடு, மீதி பி சைடுல. நடுவுல நிறுத்தினா பாவம்."

அவள் சண்டை போடவில்லை. "ஏழு பாகம்" என்று பேப்பர் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். மூன்று மாதம் ராஜாவாக இருந்தேன்.

டிசம்பரில் பள்ளிக்கூடம் மூடியது. சுண்ணாம்பு மூட்டை வந்து இறங்கியது.

"கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கணுங்க. ஒரே வேலை."

பழசைச் சுரண்டு, பொத்தல் அடை, சுண்ணாம்பு ஊறப்போடு, வடிகட்டு, நீலம் கலக்கு, அடி, சிந்தினதைத் துடை. இது ஏழு வேலையாயிற்றே என்றேன்.

"கேள்வி ஒண்ணு, உட்பிரிவு ஏழு. நடுவுல நிறுத்தினா பாவம்."

ரெண்டு நாள். மீசையெல்லாம் சுண்ணாம்பு. வாசலில் மூச்சு வாங்க நின்றேன். அந்தப் பக்கம் வந்த அதாவுல்லா சுவர் என்று நினைத்து என்மேல் சைக்கிளைச் சாத்தப் பார்த்தான்.

"முடிஞ்சுது ஜெயா. பாட்டைப் போடட்டுமா?"

அவள் வெளியே வந்து வாசல் சுவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏ சைடு ஜோரா இருக்குதுங்க. ஏணியைத் தூக்கிக்கிட்டுப் பின்பக்கம் வாங்க."