லேபல் ஒட்டிய நெல்லி வைன்

போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதை போத்தலுக்கு வெளியே ஒட்டியிருப்பதுதான் தீர்மானிக்கிறது என்ற பேருண்மையை ரத்தோட்டை உதயராஜ் வேலை போன பிறகே உணர்ந்தார். அதுவரை அவர் மனைவி நிரோஷா போடும் நெல்லி வைன் பழைய சாராயப் போத்தலில், மொட்டையாகத்தான் இருந்தது. தீபாவளிக்கும் நத்தாருக்கும் குடித்தவர்கள் கிளாஸை நீட்டி இன்னொன்று கேட்டார்களே தவிர, லேபல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அறியாத சனங்கள்.

தேயிலை ஃபெக்டரியில் ஆள் குறைத்தபோது உதயராஜும் குறைந்தார். அந்த நேரம் பார்த்து மனைத்தொழில் மேன்மைப் பணியகம் என்ற ஒரு காரியாலயம், கண்காட்சியில் முதலிடம் பெறும் வீட்டு உற்பத்திக்கு ரிவர்ஸ்டன் பாதையில் ஒரு கடை தருவதாக அறிவித்தது. பனிமூட்டத்தைப் படம் பிடிக்க வேன் வேனாக ஆள் வரும் இடம். அந்தக் கடை கிடைத்தால் குடும்பம் தப்பும், கிடைக்காவிட்டால் கொழும்பில் யாரோ ஒருவரின் கேற்றைக் காக்கப் போகவேண்டியதுதான். அதனால் அவர் முதல் வேலையாகக் கைத்தொலைபேசியில் லேபல் வரைய உட்கார்ந்தார்.

இப்போது கல்யாண வீட்டுப் பானம் முதல் கருவாட்டுப் பொதி வரை எல்லாவற்றுக்கும் ஒரு பரம்பரை வேண்டியிருக்கிறதே. உதயராஜின் லேபலிலும் ஒரு கோட்டை எழும்பியது. கோட்டையைச் சுற்றி மாத்தளை மாவட்டமே கண்டிராத திராட்சைத் தோட்டம். கீழே, "1800 முதல்".

நிரோஷா எட்டிப் பார்த்தாள். "என்னங்க, அப்ப தோட்டத்துக்கு வர நம்மாளுக கப்பலே ஏறலியே. யாரு வைன் போட்டது?"

"அது டிசைனு. உனக்கு வெளங்காது."

பணியகத்தில் சர்மிளா மிஸ் போத்தலை வாங்கி லேபலை மட்டும் படித்தார். மூன்று மொழி வேண்டும், எச்சரிக்கை வேண்டும், போதை எத்தனை வீதம் என்று வேண்டும் என்றார்.

"வீதத்தைப் பரிசோதிச்சுச் சொல்லுங்க மிஸ்."

"அனுமதி இல்லாத வைனைப் பரிசோதிக்க ஏலாது."

"அப்ப அனுமதி குடுங்க."

"வீதம் போடாத லேபலுக்கு எப்படி அனுமதி குடுக்கிறது?"

அனுமதியற்ற மதுவை அரச வளவுக்குள் கொண்டுவந்தது பாரதூரமான குற்றம் என்பதால் போத்தல் பொதுநலன் கருதி அலுமாரிக்குள் வைக்கப்பட்டது. அடுத்த முறையும் அப்படியே. போன போத்தல் ஒன்றும் திரும்பவில்லை. ஆனால் காரியாலயத்தில் எல்லாரும் அவரை முகம் மலர வரவேற்கத் தொடங்கினார்கள்.

வீட்டிலிருந்த வைன் முழுக்க இப்படிப் பொதுநலனுக்குப் போய் முடிந்த பிறகுதான் மிஸ்ஸுக்கு மனம் இளகி வழி பிறந்தது. "வெறும் போத்தலைக் கொண்டு வாங்களேன். பூச்சியம் வீதம்னு போடலாம். பொய்யும் இல்ல."

சட்டம் எவ்வளவு சுத்தமானது என்று உதயராஜ் வியந்தார். எச்சரிக்கை, எச்சரிக்கைக்கு விளக்கம், விளக்கத்துக்கு மொழிபெயர்ப்பு என்று லேபல் வளர்ந்து, கழுத்துவரை ஏறி, போத்தலை மூன்று சுற்று சுற்றியது. கோதுமை மாப் பசை காய்ச்ச வீட்டுச் சட்டி போதாமல் வைன் ஜாடியையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பருவத்து நெல்லிக்காய் சாக்கிலேயே அழுகியது. நிரோஷா சாக்கைக் குப்பையில் கொட்டினாள். அவளுக்கு அழுகை வந்தது.

கண்காட்சியில் பக்கத்து மேசைக்காரி ஸஜீதா கிண்டிய தொதல் இனிப்பை நடுவர்கள் மூன்று தரம் எடுத்துத் தின்றுவிட்டு, முறையான லேபல் இல்லை என்று கையை நக்கிக்கொண்டே விலக்கினார்கள். உதயராஜின் போத்தலைச் சுற்றிச் சுற்றி வாசித்தார்கள். மூடியைத் திறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சட்டத்துக்கு முற்றிலும் இசைவான வைன் இதுவே என்று ஏகமனதாக முதலிடம் கொடுத்தார்கள்.

கடை வந்தது, வியாபாரமும் வந்தது. கொழும்புப் பிள்ளைகள் போத்தலை மூட்டத்தில் உயர்த்திப் படம் எடுத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று ஒருவர்கூட முறையிடவில்லை. நல்ல பாரமில்லாத போத்தல் என்று ஒரு பெண் பாராட்டினாள்.

ஒருநாள் பின்னேரம் சர்மிளா மிஸ் தனியாக வந்தார். அங்குமிங்கும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "வீட்டில ஒரு விசேஷம். அந்தப் பழைய போத்தல்ல ரெண்டு கிடைக்குமா? லேபல் இல்லாதது."

உதயராஜ் மனைவியைப் பார்த்தார். அவருக்கும் வெகுநாளாக ஒரு கிளாஸ் குடிக்க வேண்டும்போல இருந்தது.

நிரோஷா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஜாடியில இப்ப பசைதான் இருக்கு மிஸ். ஊத்தித் தரவா?"

மிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, லேபல் ஒட்டியதில் இரண்டை வாங்கிப் போனார். விசேஷத்துக்கு வந்த அத்தனை பேரும், உதயராஜ் உட்பட, அந்தப் போத்தலோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, பிறகு குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்கள்.