பேப்பரில் செத்த காதர் பாய்

நான் ஒரு ஆளைக் கொன்றிருக்கிறேன். பேப்பரில்தான். என்னோடு சேர்ந்து கொன்றவர்கள் கடைசிவரை வெட்கப்படவே இல்லை என்பதில்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சுதந்திரம் வந்து சில வருடம் ஆகியிருந்தது. மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு நான் ராமநாதபுரம் நிருபர். (பிறந்தது நயினார்கோவில் பக்கம். கடலைப் பற்றித் தெரிந்தது, உப்புக் கரிக்கும் என்பது மட்டும்.) திருப்பாலைக்குடி காதர் பாயின் வள்ளம் மீன்பிடிக்கப் போய் இன்னும் திரும்பவில்லை என்று டீக்கடையில் காதில் விழுந்தது. தென்காற்று ஓங்கினால் தொண்டிப் பக்கம் கரையேறி, தணிந்த பிறகு திரும்புவது அங்கே வழக்கம். அது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். நான் யாரையும் கேட்கவில்லை. ‘வள்ளத்தைக் காணோம், கரையில் பெரும் சோகம்’ என்று தந்தி கொடுத்தேன். சோகம் என் சொந்தச் சரக்கு. மதுரையில் உதவி ஆசிரியர் தன் பங்குக்கு ‘மூழ்கிப் பலி’ என்று போட்டுவிட்டார்.

சில நாளில் காதர் பாய் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஏன் தம்பி, நான் மௌத்தாயிட்டேனாமே? எனக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அவர் மகள் பாத்திமாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை மறுநாளே கொழும்புக்குக் கப்பல் ஏறுகிறவர். தள்ளிப்போனால் கல்யாணம் போனதுதான். பேப்பரைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் நிறுத்தி வைத்துவிட்டார்கள். சம்பந்தம் பேசியதெல்லாம் பாயின் அண்ணன். அவர்கள் இவரைப் பார்த்ததே இல்லை. நேரில் போய் நின்றவரையே, “வேற ஆளைக் கூட்டியாந்து காட்டுறீகளா? பேப்பர்ல பொய்யா போடுவாக?” என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

அவரையே கூட்டிக்கொண்டு மதுரைக்கு ரயில் ஏறினேன். ஆசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“உயிரோட இருக்கறது சந்தோஷம். ஆனா தப்பாப் போட்டோம்னு நாமளே எழுதினா, நாளைக்கு எவன் நம்புவான்?”

“அப்ப நான் இருக்குறது பொய்யி, உங்க பேப்பரு நெசமா?” என்றார் காதர் பாய்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் ஆசிரியர் சொன்னதற்கே தலையாட்டினேன். (வேலை போய்விடுமே!) மறுநாள் செய்தி வந்தது: ‘கடலில் மாண்டவர் மீண்ட அதிசயம்!’ வருந்துகிறோம் என்று ஒரு சொல் கிடையாது. அதையும் நம்பி மாப்பிள்ளை வீட்டார் ஓடி வந்தார்கள். கல்யாணம் நடந்தது. கூடவே, மீண்டு வந்த மகான் ஓதி ஊத வேண்டும் என்று, காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அரை ஜில்லா பந்தலுக்கு வந்துவிட்டது. பாய் மாப்பிள்ளையை வரவேற்கக்கூட வழியில்லாமல் நின்று என்னை முறைத்தார்.

பல வருடம் கழித்து அவர் நிஜமாகவே காலமானார். இந்தத் தடவை அடக்கத்துக்கே போய், கண்ணால் பார்த்து, நாலு வரி எழுதி அனுப்பினேன். ‘இவரை ஏற்கெனவே போட்டாச்சே’ என்று பதில் வந்தது. பொய்யைக் கொட்டை எழுத்தில் போட்டவர்களிடம் உண்மைக்கு நாலு வரி இடமில்லை. பாத்திமாவிடம் போய்ச் சொன்னேன். அழுது வீங்கிய முகத்தோடு அவள் சிரித்துவிட்டாள்.

“பேப்பர்ல வரலைல, மாமா? அப்ப வாப்பா இன்னும் மௌத்தாகல.”

அந்த வீட்டில் இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்படித்தான் சொல்கிறார்கள்.